வீட்டுச் சைக்கிளுக்கு அளவு பார்க்கவில்லை

மெக்கானிக்கின் தங்கை தன் புருஷனைப் பார்த்துச் சொன்ன அந்தச் சொல் இதற்குள் உறவில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது. நமக்கும் தெரியும். லீவு நாளில் வீட்டில் இருப்பேன் என்று வாக்குக் கொடுத்த மனிதர், விடிந்ததும் விடியாததுமாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு, "எங்கயாவது போய் விழுந்து தொலைங்க" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே போனார். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே உள்ள இறக்கத்தில் விழுந்தார்.

தாடை உடைந்தது. தோள்பட்டை எலும்பும் உடைந்தது. எப்படி விழுந்தோம் என்று அவருக்கே ஞாபகமில்லை. இறக்கத்தின் தொடக்கத்தில் பிரேக் பிடித்தது வரை நினைவிருக்கிறது, அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக் கூரைதான். பார்த்தவர்களும் இல்லை. நாய் குறுக்கே வந்ததாகத் தெரியவில்லை, ரோட்டில் பள்ளம் இல்லை. காரணத்தின் இடம் காலியாகக் கிடந்தது. அந்த இடத்தில் அவள் சொன்ன சொல் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

ஒரு வாரமாக அவள் பள்ளிக்கூட வேனை ஓட்டப் போகவில்லை. பின்னால் அத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கை வரவில்லை என்று லீவு சொல்லிவிட்டாள். மாமியார் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். ரிடையர் ஆகும் வரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவர் அவர். யாருக்கு எதை எப்படிச் சொன்னால் எங்கே போய்ச் சேரும் என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் தானே போன் போட்டு, மகன் விழுந்ததைச் சொல்லி, கடைசியில் குரலை இறக்கி, காலையில் கிளம்பும்போது இவள் சொன்னதையும் சொல்லிவிட்டுத்தான் வைத்தார்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தான் அண்ணன்காரன். சைக்கிள் கடையில் மெக்கானிக். வேறு ஒரு காரணம் இருக்கலாம் என்று அவனுக்கு மட்டும் தெரியும். அவனுக்கும், அவன் பெண்டாட்டிக்கும்.

விழுந்த செய்தி வந்ததுமே பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டான். அவள்தான் தடுத்தாள். சைக்கிள் கைக்கு வரட்டும், கண்ணால் பார்த்துவிட்டுப் பேசலாம், சும்மா வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டாம், சம்பந்தி உறவு அறுந்துபோகும் என்றாள். சொன்ன கையோடு கஞ்சியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், நாத்தனாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு வந்தாள். அன்றிலிருந்து தினமும் போகிறாள், அழுகிறாள்.

இன்றைக்கு அந்தச் சைக்கிள் கடைக்கு வந்தது.

கொண்டுவந்தவர் மாப்பிள்ளையின் சைக்கிள் கூட்டாளி, பல் டாக்டர். இத்தனை நாள் அவர் வீட்டுக் கார் ஷெட்டில் போர்வை போர்த்திக் கிடந்ததாம். காரின் பின்கதவைத் திறந்து, பிணத்தை இறக்குவது போல இறக்கினார். உடல் ஒரு துண்டு. ஹேண்டில்பார் ஒரு துண்டு. பிரேக் ஒயர் மட்டும் இரண்டையும் விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

அடித்த அடியில் பிய்ந்திருக்கும் இல்லையா என்று டாக்டர் கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்றான் மெக்கானிக். டாக்டருக்கு நோயாளி காத்திருந்தார். போய்விட்டார். கடை முதலாளியம்மா முன்பக்கம் ஒரு வாடிக்கையாளருக்கு ஹெல்மெட் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் இரண்டு துண்டையும் பின்கட்டுக்குத் தூக்கிப்போய் ரப்பர் விரிப்பின் மேல் வைத்தான்.

உடைந்த இடத்தைப் பார்க்க அவனுக்கு மனசில்லை. முதலில் சக்கரத்தைப் பார்த்தான். செயினைப் பார்த்தான். சீட்டில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டான். பிறகு வேறு பார்க்க ஒன்றும் மிச்சமில்லாமல் போனது.

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க்குக்குக் கழுத்து போல ஒரு குழாய் மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கழுத்தையும் ஹேண்டில்பாரையும் சேர்த்துப் பிடிக்கிற கைமுட்டுக்குத்தான் ஸ்டெம் என்று பெயர். பின்பக்கம் இரண்டு போல்ட் போட்டுக் கழுத்தைக் கவ்வும். ஓட்டுகிறவர் தன் உடம்பை முன்னால் சாய்த்து எதை நம்புகிறாரோ, அது அந்தக் கவ்வல்தான்.

கழுத்து இரும்பாக இருந்தால் பயமில்லை. கொஞ்சம் கூட இறுக்கினாலும் பொறுத்துக்கொள்ளும். கார்பன் நாரில் செய்த கழுத்து அப்படியில்லை. அது வளைந்து காட்டாது, நசுங்கிக் காட்டாது. உள்ளுக்குள் விரிசல் விட்டுக்கொண்டு வெளியே பளபளவென்று நிற்கும். ஒரு நாள் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது மொத்தமாகக் கையை விரித்துவிடும்.

இங்கேயும் அதுதான். ஸ்டெம்மின் அடி விளிம்பு எங்கே முடிகிறதோ, அந்த வட்டத்திலேயே கத்தியால் சீவினது போலக் கழுத்து போயிருந்தது. முறிந்த வாயில் முக்கால் பங்கு புத்தம் புதுசு, நார் நாராக நின்றது. பின்பக்கம் கால் பங்கு மட்டும் மங்கலாக, அழுக்கேறிக் கிடந்தது. அழுக்கு ஒரே நாளில் ஏறாது. அந்தக் கால் பங்கு விழுவதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே விட்டுப்போயிருக்கிறது. மாப்பிள்ளை மிச்சம் முக்கால் பங்கின் மேல் வேலைக்குப் போய் வந்திருக்கிறார்.

அவன் ஸ்டெம்மைத் திருப்பினான். போல்ட்டைப் பார்த்தான். அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

இந்தக் கடையில் ஒரு வழக்கம். கார்பனில் போடுகிற போல்ட்டை, எவ்வளவு இறுக்கம் என்று காட்டுகிற டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் முறுக்க வேண்டும். அளவு வந்ததும் ரெஞ்ச் டக்கென்று சொல்லும். உடனே மஞ்சள் பெயிண்ட் பேனாவால் போல்ட்டின் தலையிலிருந்து ஸ்டெம் வரை ஒரு கோடு இழுக்க வேண்டும். பிற்பாடு போல்ட் அசைந்தால் கோடு இரண்டாக உடைந்து காட்டிக் கொடுக்கும்.

இரண்டு போல்ட்டிலும் கோடு உடைந்திருந்தது. ஸ்டெம்மில் இருந்த பாதி இருந்த இடத்திலேயே இருந்தது. போல்ட்டில் இருந்த பாதி இறுகுகிற பக்கமாகத் திரும்பி, தூரத்தில் நின்றது. தானாக நெகிழ்ந்த போல்ட் அந்தப் பக்கம் திரும்பாது. ஒரு கை திருப்பியிருக்க வேண்டும்.

அந்தக் கை யாருடையது என்று அவன் யோசிக்க வேண்டியதில்லை.

அந்த ஸ்டெம்மை வாங்கியது தங்கை. கல்யாண நாளுக்குப் புருஷனுக்குக் கொடுக்க, இருப்பதிலேயே லேசானது எது என்று தேடி வரவழைத்திருந்தாள். எடையைக் குறைக்க முதுகைப் பெரிசாகக் குடைந்து விட்டிருந்தார்கள். கையில் வைத்தால் தீப்பெட்டி மாதிரி இருந்தது. முதுகு குடைந்த ஸ்டெம் முழு வட்டத்தையும் பிடிக்காது, விளிம்பால் கடிக்கும். கார்பன் கழுத்துக்கு இந்த மாதிரி ஆகாது என்று ஃபோர்க் செய்தவர்களே சொல்லியிருந்தார்கள். அவனும் தங்கையிடம் சொன்னான். அவள் முகம் வாடியது. "நீ இருக்கேல்ல அண்ணா, பார்த்து மாட்டிக் குடு" என்றாள். வெளியாளாக இருந்தால் முடியாது என்று திருப்பி அனுப்பியிருப்பான். தங்கை என்பதால் மாட்டினான். மாட்டியபோது அளந்துதான் மாட்டினான், கோடும் இழுத்தான்.

அதற்கப்புறம் ஒரு சாயங்காலம் மாப்பிள்ளை வேலை முடிந்து வரும் வழியில் கடை முன்னால் நிறுத்தினார். ஹேண்டில் லேசாக ஒரு பக்கம் திரும்புகிறது, என்னவென்று பாருங்கள் என்றார். ஷட்டரைப் பாதி இறக்கியாகிவிட்டது. டார்க் ரெஞ்ச் உள்ளே பெட்டியில் இருந்தது. வழுக்காமல் பிடிக்க மணல் கலந்தது போல ஒரு பசை உண்டு, அதுவும் உள்ளே அலமாரியில் இருந்தது. செய்ய வேண்டியது என்ன என்று அவனுக்குத் தெரியும். கழற்ற வேண்டும், பசை தடவ வேண்டும், அளந்து முறுக்க வேண்டும். அப்படியும் வழுக்கினால் இந்த ஸ்டெம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

அவன் சட்டைப் பையிலிருந்து அலன் கீயை எடுத்தான். முன்சக்கரத்தை முட்டிக்கு நடுவில் கவ்விக்கொண்டு இரண்டு போல்ட்டையும் ஒரு திருகு திருகினான். இன்னும் கொஞ்சம் என்றார் மாப்பிள்ளை. இன்னும் கொஞ்சம் திருகினான். திருகுகிறபோது தன் அம்மாவின் டெலிபோன் பேச்சை மாப்பிள்ளை நடித்துக் காட்ட, இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வாடிக்கையாளர் சைக்கிளை ஒரு நாளும் அவன் அப்படித் தொட்டதில்லை. வீட்டு ஆள் என்ற உரிமையில்தான் கை அப்படிப் போனது.

இப்போது கைக்கு எட்டும் தூரத்தில் தின்னர் டப்பா இருந்தது. பக்கத்தில் துணி. ஒரு தடவை துடைத்தால் மஞ்சள் கோடு போய்விடும். அந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. முதலாளியம்மாவுக்கு மட்டும் தெரியும், அவர் இதைப் பார்க்கப்போவதில்லை.

துணியைத் தின்னரில் நனைத்தான். அதுவரைக்கும் போய்விட்டான் என்பதை இங்கே மறைப்பதற்கில்லை.

போன் அடித்தது. தங்கை.

"அண்ணா, ஆஸ்பத்திரிக்குக் கடை வேனை எடுத்துட்டு வர்றியா? பையைக் கட்டிட்டேன்."

எங்கே போக என்று கேட்டான். உன் வீட்டுக்குத்தான் என்றாள். அத்தை நல்லபடியாகத்தான் சொன்னார்களாம். அவன் தேறி வரும் வரை நீ அவன் கண்ணில் படாமல் இருந்தால் அவனுக்கும் நல்லது, உனக்கும் நல்லது என்றார்களாம். அவரும் அந்த நேரம் தூக்கத்தில் இருந்தாராம். இவளுக்கும் அது சரி என்றே பட்டதாம். அவர் முகத்தைப் பார்க்கிறபோதெல்லாம் அந்தக் கம்பி கட்டின வாயைத்தான் பார்க்கிறேன், அதை நான்தான் கட்டினது மாதிரி இருக்கிறது என்றாள். எவ்வளவு நாளைக்கு என்று அவன் கேட்டான். அண்ணியிடம் சொல்லிவிட்டேன், அறையை ஒழித்து வைக்கிறேன் என்றார்கள் என்று மட்டும் சொன்னாள்.

போனை வைத்தபோது துணி காய்ந்திருந்தது. அவன் ஸ்டெம்மை, அதற்குள் கடிபட்டிருந்த கழுத்துத் துண்டோடு, அந்தத் துணியிலேயே சுற்றிக்கொண்டு வேன் சாவியை எடுத்தான்.

வழி நெடுக ஒத்திகை பார்த்தான். சொன்னால் தங்கை தன் வீட்டிலேயே இருப்பாள். சொல்லாவிட்டால் இன்றைக்குப் படி இறங்குகிறவள் திரும்பி எப்போது ஏறுவாள் என்று தெரியாது. கண்ணில் படாமல் இரு என்று ஆரம்பிக்கிற விஷயம் எங்கே போய் முடியும் என்று அவன் பார்க்காத வீடா? ஆனால் சொன்னால், யார் வாங்கிய ஸ்டெம் என்ற கேள்வி வரும். சொல்லுக்காக அழுதுகொண்டிருப்பவள் பிறகு பொருளுக்காக அழுவாள். சொல்லாவது காற்றில் போகும். பொருளைக் கையில் எடுத்துக் காட்டலாம்.

ஆஸ்பத்திரி அறையில் மாப்பிள்ளை தலைமாட்டை நிமிர்த்திச் சாய்ந்திருந்தார். தாடை இரண்டையும் கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தது. ஒரு கை துணித் தூளியில். இன்னொரு கையின் கட்டைவிரலால் செல்போனில் எழுதிக் காட்டித்தான் பேச்சு. மாமியார் சாற்றில் உறிஞ்சு குழலைப் போட்டுப் பதம் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலின் கால்மாட்டில் ஒரு பை. அதன் பக்கத்தில் தங்கை, வெயிட்டிங் ரூமில் உட்கார்ந்திருப்பவள் மாதிரி, நாற்காலி நுனியில் இருந்தாள்.

அவனைப் பார்த்ததும் எழுந்து பையைத் தூக்கினாள்.

"அதை வை" என்றவன் மாமியார் பக்கம் திரும்பினான். "அம்மா, ஒரு விஷயம் சொல்லணும்."

சாப்பாட்டுப் பலகையின் மேல் துணியைப் பிரித்தான். ஆஸ்பத்திரிக்குள் எண்ணெய்த் துணியைக் கொண்டுவருகிறீர்களே தம்பி என்று மாமியார் முகத்தைச் சுளித்தார். மாப்பிள்ளை மட்டும் கழுத்தை நீட்டிப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது போலிருந்தது.

"மாப்பிள்ளை விழுந்ததால இது உடையலை. இது உடைஞ்சதாலதான் விழுந்தார்."

சொன்ன பிறகு ஓர் இரண்டு மூச்சு நேரம், தங்கை முகத்தில் ஏதோ ஒன்று இளகியதை அவன் பார்த்தான். இத்தனை நாள் இறுக்கிப் பிடித்திருந்த தோள் கீழே இறங்கியது. அதற்குள் மாமியார் குனிந்து அந்தத் துண்டை உற்றுப் பார்த்துவிட்டார்.

"இது அந்தப் புதுசுல்ல? கல்யாண நாளுக்கு இவ வாங்கிக் குடுத்தது?"

தங்கை திரும்ப நாற்காலி நுனிக்கே போனாள்.

"அப்போ சொன்ன வார்த்தையும் என்னுது, வாங்கின பொருளும் என்னுது" என்றாள்.

அவன் பயந்தது அப்படியே நடந்தது. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த இடத்தில் அவன் நிறுத்தியிருந்தாலும் யாரும் அவனைப் பொய்யன் என்று சொல்லியிருக்க முடியாது. சொன்னதெல்லாம் உண்மை. லேசான ஸ்டெம், ஆகாத ஸ்டெம், அது கடித்த இடத்தில்தான் உடைந்தது. கேட்டால் நான் அன்றைக்கே சொன்னேனே என்று சொல்லிக்கொள்ளவும் வழியிருந்தது. வாய் அந்த வழியைப் பார்த்து ஒரு தரம் திறந்தது. அதை மூடிக்கொண்டு துண்டைத் தங்கை பக்கம் திருப்பினான்.

"நீ வாங்கினது சும்மா பொட்டலத்துல இருந்திருந்தா யாரையும் தள்ளிவிடாது" என்றான். "மாட்டினது நான். ஆகாதுன்னு தெரிஞ்சு மாட்டினேன். ஒரு தடவை சொன்னேன், உன் மூஞ்சி வாடினதும் விட்டுட்டேன். அதுகூடப் பரவாயில்லை. இதைப் பாரு."

மஞ்சள் கோட்டைக் காட்டினான். கோடு ஏன் இழுப்பார்கள், அது எப்படி உடையும், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது எல்லாவற்றையும் சொன்னான். ஷட்டர் பாதி இறங்கின சாயங்காலத்தைச் சொன்னான். உள்ளே இருந்த ரெஞ்ச்சையும் பசையையும் சொன்னான். சிரித்ததைச் சொன்னான், எதற்குச் சிரித்தோம் என்பதை மட்டும் மாமியார் எதிரில் விழுங்கிவிட்டான்.

"ஸ்டெம் உடையலைம்மா. கழுத்துதான் உடைஞ்சது. அதை அன்னிக்கே நசுக்கினது என் கை."

மாப்பிள்ளையின் கட்டைவிரல் போனில் ஓடியது. எழுதி முடித்து மச்சானிடம் நீட்டினார். தங்கை வாங்கிப் படித்தாள். இன்னும் கொஞ்சம் டைட் பண்ணுங்கன்னு சொன்னது நான்தான் மச்சான் என்றிருந்தது.

"நீங்க ஆயிரம் சொல்லலாம் மாப்பிள்ளை" என்றான். "எவ்வளவு இறுக்கணும்னு தெரிஞ்சவன் நான்தானே."

மறுபடி எழுதினார். இந்த முறை திரையைத் தாயிடம் காட்டாமல் மச்சானுக்கு மட்டும் திருப்பினார். டாக்டராவது என் தாடையை அளந்து முறுக்கினாரான்னு விசாரிங்க. கண் சிரித்தது, வாயால் சிரிக்க முடியவில்லை. மெக்கானிக்கால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. திட்டியிருக்கலாம். ஒரு நல்ல கெட்ட வார்த்தையாக எழுதிக் காட்டியிருக்கலாம்.

மாமியார் சாற்று டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு மருமகள் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"நான் யார் யாருக்கு போன் போட்டேனோ, அத்தனை பேருக்கும் திருப்பிப் போடணும். பாதிப் பேரு எடுக்க மாட்டாங்க. எடுக்கிறவங்க கேக்க மாட்டாங்க." கட்டிலின் கால்மாட்டைக் கையால் காட்டினார். "அந்தப் பையைப் பிரிச்சுத் துணியை அலமாரியில வை."

அதுதான் அவர் கேட்ட மன்னிப்பு. அதைவிடத் தெளிவாக அவரிடமிருந்து யாரும் வாங்கியதில்லை.

தங்கை பையைத் தொடவில்லை. அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. ஒரு வாரமாக நிற்காமல் ஓடின கண்ணீர், வேண்டிய நேரத்தில் நின்றுபோயிருந்தது.

"எப்ப தெரிஞ்சுது?" என்றாள்.

"இன்னிக்குத்தான் சைக்கிள் வந்தது."

"அது கேக்கலை. எப்ப சந்தேகம் வந்தது?"

அவன் துணியை மடிக்க ஆரம்பித்தான். மூலைக்கு மூலை சேரவில்லை. பிரித்து மறுபடி மடித்தான்.

"விழுந்துட்டார்னு நீ போன் பண்ணியே, அப்பவே."

அவள் தலையை ஆட்டினாள். அப்படியா, சரி என்பது போல. மாப்பிள்ளை ஏதோ எழுத ஆரம்பித்துப் பாதியில் விட்டார். மாமியார் புடவை நுனியால் டம்ளரின் விளிம்பைத் துடைத்தார்.

"அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்" என்றாள் தங்கை. "இப்படியும் இருக்கலாம்னு சொல்லியிருந்தா போதும். நான் சாமியில்லை, என் வாய் பட்டு மனுஷன் விழ மாட்டான்னு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். நம்ப முடியலை. நம்பறதுக்கு ஒரு பொருள் உன் கையில இருந்துது. நீ வெச்சுக்கிட்ட."

பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன் என்று அவன் சொன்னான். தனக்கே கேட்காத குரலில்தான் வந்தது.

அவன் கிளம்பினான். இருந்து என்ன செய்ய? ஸ்டெம்மை எடுக்கப் போனபோது, அது இங்கேயே இருக்கட்டும் தம்பி என்றார் மாமியார். மகனைப் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும் என்றார். அவன் துணியை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

லிஃப்ட் பக்கத்தில் நின்றபோது பின்னால் செருப்புச் சத்தம். தங்கை வந்தாள். அடி மனதில் எங்கோ ஒரு மூலையில், தோளில் கை வைத்துப் பரவாயில்லை அண்ணா என்பாள் என்று அவன் எதிர்பார்த்தான். சின்ன வயதில் அப்படித்தான். எவ்வளவு சண்டை போட்டாலும் அவள்தான் முதலில் வருவாள்.

"அண்ணிக்குத் தெரியுமா?" என்றாள்.

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் இது இங்கேயே நிற்கும். தன்னோடு போகும். வீட்டில் இருப்பவளாவது தப்புவாள். லிஃப்ட் வந்து கதவு திறந்தது. உள்ளே யாருமில்லை. அவன் ஏறவில்லை. கதவு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தானாக மூடிக்கொண்டது.

"தெரியும்."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"தினமும் வந்து என்கூடச் சேர்ந்து அழுதாங்களே அண்ணா. அது எதுக்கு?"

பெண்டாட்டியும் பயந்துதான் அழுதாள் என்று சொல்லலாம். அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அதை அவன் சொல்ல முடியாது, அவள்தான் சொல்ல வேண்டும்.

"நான் உன் வீட்டுக்கு வரலை" என்றாள். "இனிமே வருவேனான்னும் தெரியலை. அண்ணிகிட்ட எதுவும் சொல்லாதே. நான் கேட்டுக்கறேன்."

திரும்பி நடந்தாள். அறைக் கதவு மூடுவதற்குள் உள்ளே அவள் குரல் கேட்டது. அந்தப் பக்கம் நீங்க பிடிங்க அத்தை, இந்தப் பக்கம் நான் பிடிக்கறேன், மேலே தள்ளி உட்கார வைக்கலாம் என்றாள். மாமியார் ஏதோ சொன்னார். கதவு மூடிக்கொண்டது.

அவன் வேண்டியது அவனுக்குக் கிடைத்துவிட்டது. தங்கை தன் வீட்டிலேயே இருக்கப்போகிறாள். படி இறங்கி வேனுக்குப் போகும் வரை அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டான். ஆறுதல் சொல்லும் வேலையைக்கூட அந்த வார்த்தைகள் அரைகுறையாகத்தான் செய்தன.

வேனுக்குள் ஏறி உட்கார்ந்ததும் போன் வந்தது. பெண்டாட்டி. மூச்சு வாங்கினாள், சாமான்களை நகர்த்திக்கொண்டிருந்திருப்பாள் போல. கிளம்பியாச்சா என்று கேட்டாள். பின்னறையை ஒழித்துவிட்டாளாம், தையல் மெஷினை ஹாலுக்கு இழுத்துவிட்டாளாம், ஜன்னல் திரையைக்கூட மாற்றிவிட்டாளாம். பாவம், வந்ததும் வராததுமாகப் படுத்துத் தூங்கட்டும் என்றாள். குரலில் பொய் இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"அவகிட்ட ஒண்ணு கேளுங்க" என்றாள். "அவளுக்குத் தலைக்கு ஒரு தலையணை போதுமா, ரெண்டு வேணுமா?"

அவன் ஆஸ்பத்திரியின் மேல்மாடி ஜன்னல்களை அண்ணாந்து பார்த்தான். எது அந்த அறை என்று கீழேயிருந்து தெரியவில்லை.

"கேட்டுச் சொல்றேன்" என்றான்.